'அப்பா என்ன சொல்வார்?' – வாசகர் கேள்வி, ஆலோசகர் பதில்

அப்பாவுக்கும் மகளுக்கும் உள்ள உறவைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். 'என் அப்பா நல்லவரா, கெட்டவரா?' என்று தீர்ப்புக் கேட்டுப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. அந்தத் தீர்ப்பால் யாருக்கும் பெரிய பயன் இல்லை. நீங்கள் தப்பு செய்தபோது அவர் என்ன செய்தார், பயந்தபோது என்ன செய்தார், மறுத்துப் பேசியபோது என்ன செய்தார்? இந்த மூன்றையும் நினைத்துப் பார்த்தால்தான் வேலைக்கு ஆகிற ஏதாவது கிடைக்கும். அப்படி விவரத்தோடு வந்த கடிதங்களுக்கு எங்கள் ஆலோசகர்கள் இங்கே பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: எனக்குக் கீழே பதினொரு பேர் வேலை செய்கிறார்கள். ஆனால் என் மேலதிகாரி ஒரு சின்னத் திருத்தம் சொன்னாலே தொண்டை அடைத்துக்கொள்கிறது. அப்பா வயதுக்காரர் அவர். சின்ன வயதில் நான் எவ்வளவு மார்க் வாங்கி வந்தாலும், 'மீதி எங்கே போச்சு?' என்றுதான் அப்பா கேட்பார். இப்போது அப்பா மேல் எனக்குக் கோபம்கூட இல்லை. பிறகு ஏன் இது விடவில்லை?
– வாசகி, வயது 38

பதில்: கோபம் தீர்வது வேறு, பழக்கம் விடுவது வேறு. 92 மார்க்கைக் காட்டிய குழந்தையிடம் அந்த எட்டைப் பற்றி மட்டும் கேட்டால், 'நான் எதைக் காட்டினாலும் அதில் இல்லாததைத்தான் பார்ப்பார்கள்' என்று அது முடிவு கட்டிக்கொள்ளும். வார்த்தையில் வராத முடிவு என்பதால் பெரியவளான பிறகும் அதை யாரும் எடுத்துப் பரிசோதிப்பதில்லை. அதிகாரமும் வயதும் உள்ள ஓர் ஆண் எதிரே உட்கார்ந்ததும் அது தானாக வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறது.

இதன் அடையாளங்கள் சில உங்களிடமும் இருக்கலாம். நாலு வரி மெயிலை ஆறு முறை திருத்துவீர்கள். முதல் வரி 'மன்னிக்கவும்' என்று தொடங்கும். மீட்டிங்கில் சந்தேகம் கேட்காமல் வந்து, ராத்திரி உட்கார்ந்து நீங்களே தேடிக் கண்டுபிடிப்பீர்கள். இதே திருத்தத்தை ஒரு பெண் அதிகாரி சொன்னால் தொண்டை அடைக்கிறதா என்று கவனியுங்கள். அடைக்கவில்லை என்றால், அடைப்புக்கும் திருத்தத்துக்கும் பெரிய சம்பந்தமில்லை.

இரண்டு வாரம் ஒரு நோட்டு போடுங்கள். பக்கத்துக்கு நாலு பத்தி. முதல் பத்தியில், அவர் சொன்னது சொன்னபடி. இரண்டாவதில், முதல் ஒரு நிமிடத்தில் உடம்பில் நடந்தது. மூன்றாவதில், உங்கள் மனதுக்குள் கேட்ட வாக்கியம். நாலாவதில், அடுத்து நீங்கள் செய்தது. அன்றன்றைக்கே எழுதுங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். எட்டுப் பத்துப் பதிவு சேர்ந்தால் போதும்.

பெரும்பாலும் சொதப்புவது முதல் பத்தியில்தான். 'என்னைக் குறை சொன்னார்' என்று எழுதிவிடுகிறார்கள். அது உங்கள் வியாக்கியானம். 'மூன்றாம் பக்கத்தில் அந்த எண்ணை இன்னொரு தடவை பாருங்கள்' என்பதுதான் அவர் சொன்னது. முதல் பத்தியையும் மூன்றாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், முதலில் இல்லாத எதுவோ மூன்றாவதில் கூடியிருக்கும். அந்தக் கூடுதல்தான் பழைய வீட்டுச் சரக்கு.

அடுத்த கட்டம், கையில் ஒரு வாக்கியம் தயாராக வைத்துக்கொள்வது. 'பார்த்துவிட்டு மாலைக்குள் சொல்கிறேன்' என்றால் போதும். மன்னிப்பும் கிடையாது, விளக்கமும் கிடையாது. உடம்பு அடங்கக் கொஞ்ச நேரம் வேண்டும். அந்த நேரத்தை இந்த வாக்கியம் வாங்கித் தரும். அதன் பிறகு வாரத்துக்கு ஒரு வேலையை, அதிகம் முக்கியமில்லாததாகப் பார்த்து, 'இது போதும்' என்ற நிலையிலேயே அனுப்புங்கள். குறையோடு அனுப்பியும் ஒன்றும் ஆகவில்லை என்பதை உடம்பு பல தடவை பார்க்க வேண்டும். புத்தியால் மட்டும் புரிந்துகொண்டால் இந்தப் பழக்கம் மாறாது. ஆண்டின் பெரிய ரிப்போர்ட்டை வைத்து இந்தப் பரிசோதனையைத் தொடங்காதீர்கள். அது சறுக்கினால் 'அப்பா சொன்னது சரிதான்' என்று மனம் பழைய இடத்துக்கே போய்விடும்.

இன்னொன்றும் நடக்கலாம். முதல் பத்தியிலேயே, அவர் சொன்ன சொல்லிலேயே இளக்காரம் இருக்கலாம். அப்படி இருந்தால் அப்பாவை விட்டுவிடுங்கள். அது அலுவலகப் பிரச்சினை, அலுவலக வழியில்தான் தீர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பால்ய காலத்தைத் தோண்டுவதில் உள்ள ஆபத்து இது: இன்றைக்கு உண்மையிலேயே மோசமாக நடந்துகொள்பவர் தப்பித்துவிடுவார்.

அப்புறம், உங்களுக்குக் கீழே வேலை செய்யும் அந்தப் பதினொரு பேர். அவர்கள் வேலையைப் பார்த்துவிட்டு நீங்கள் சொல்லும் முதல் வாக்கியம் எது என்று ஒரு வாரம் கவனியுங்கள்.

கேள்வி: பெண்கள் அப்பாவைப் போன்ற ஒருவரையே தேடிக் கட்டிக்கொள்வார்கள் என்கிறார்களே, இதற்கு ஆதாரம் உண்டா? என் அப்பா வாயே திறக்க மாட்டார். கணவர் ஓயாமல் பேசுகிறவர். ஆனாலும் ஏதோ ஒன்று பழைய மாதிரியே இருப்பதாகத் தோன்றுகிறது.
– வாசகி, வயது 31

பதில்: அந்தப் பேச்சின் வேர் மனப்பகுப்பாய்வைத் தொடங்கி வைத்த ஃப்ராய்டிடம் இருக்கிறது. மகளுக்குத் தந்தை மேல் இருக்கும் ஈர்ப்புக்கு 'எலெக்ட்ரா சிக்கல்' என்று 1913-ல் பெயர் வைத்தவர், அவரோடு சேர்ந்து வேலை செய்திருந்த யுங். ஃப்ராய்டே அந்தப் பெயரை ஏற்கவில்லை. பத்திரிகைகளில் இன்னும் அது உயிரோடு இருக்கிறது. ஆலோசனை அறையில் அதற்கு அநேகமாக வேலையில்லை.

அதைவிடப் பலமான ஆதாரம் உள்ளது பற்றுறவு, அதாவது தன்னை வளர்ப்பவரிடம் குழந்தை வைக்கும் ஒட்டுதல், பற்றிய ஆய்வுகளில். ஜான் பௌல்பி தொடங்கி வைத்ததை மேரி எய்ன்ஸ்வர்த் குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்தார். ஒரு வயதுக் குழந்தையைப் புது அறையில் சில நிமிடம் அம்மாவிடமிருந்து பிரித்து, அம்மா திரும்பி வரும்போது அது என்ன செய்கிறது என்று கவனித்தார். ஓடிப் போய் ஒட்டிக்கொண்டு சமாதானமாகிறதா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா, எவ்வளவு தூக்கினாலும் ஆறாமல் அழுகிறதா? பிற்பாடு தந்தையரை வைத்தும் இதே சோதனை நடந்தது. 1987-ல் ஹசானும் ஷேவரும் இந்தப் பார்வையைப் பெரியவர்களின் காதலுக்கும் பொருத்திப் பார்த்தார்கள்.

அப்பாவிடமிருந்து கணவர் வரைக்கும் வருவது முகமோ பேச்சோ குணமோ இல்லை. 'எனக்குத் தேவை என்றால் இந்த ஆள் வருவாரா?' என்ற எதிர்பார்ப்புதான் வருகிறது. வாய் திறக்காத அப்பாவிடம் வளர்ந்த பெண், கேட்டுப் பயனில்லை என்று கற்றுக்கொண்டிருப்பாள். வாய் ஓயாத கணவரிடமும் அவள் கேட்கவே மாட்டாள். கேட்காததால் அவர் செய்ய மாட்டார். 'பார்த்தாயா' என்று மனம் சொல்லும். உங்களுக்குப் பழைய மாதிரி தோன்றுவது இதுவாக இருக்கலாம். சோதிப்பது சுலபம்: இந்த வாரம் மூன்று உதவிகளை வாய்விட்டு, நாள், நேரம் சொல்லிக் கேளுங்கள். 'நீங்களே புரிந்துகொள்ள வேண்டாமா' என்பது கேட்ட கணக்கில் சேராது.

இதைத் தலைவிதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேவிஸ் ஹெதரிங்டன் 1972-ல் 13 முதல் 17 வயதுப் பெண்களை ஆராய்ந்தார். விவாகரத்தால் தந்தையைப் பிரிந்தவர்கள் ஆண்களின் கவனத்தை அதிகம் நாடினார்கள். தந்தையை மரணத்தில் இழந்தவர்கள் ஆண்கள் எதிரே கூச்சப்பட்டு ஒதுங்கினார்கள். அப்பா இல்லை என்பது இருவருக்கும் பொது, நடத்தை மட்டும் நேர் எதிர். அதுவும் ஒரே நாட்டில், சில டஜன் பெண்களை வைத்துச் செய்தது. அதைக் காட்டி 'அப்பா இல்லாத பெண் இப்படித்தான்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. தோளில் ஏறி விளையாடியவள் இப்போது அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். பெண் பிள்ளை வளர்கிறாள், இனி அம்மா பார்த்துக்கொள்ளட்டும் என்று நானும் ஒதுங்கிவிட்டேன். செய்தது சரிதானா?
– வாசகர், வயது 44

பதில்: சரியில்லை. ஆனால் நிறைய அப்பாக்கள் செய்வதுதான். மகளின் உடம்பு மாறுகிற காலத்தில் கூச்சத்தால் அப்பா ஓரடி பின்வாங்குகிறார். அவள் அதைக் கூச்சமாகப் படிப்பதில்லை. 'என்னிடம் ஏதோ சரியில்லாமல் போய்விட்டது' என்று படிக்கிறாள். யாரும் வாய்விட்டுச் சொல்லாததால் யாரும் மறுக்கவும் மாட்டார்கள். கதவைச் சாத்துவது அவள் வயதுக்கு உள்ள வேலை. உங்கள் கதவையும் சேர்த்துச் சாத்த வேண்டியதில்லை.

தொடுவதில் முடிவு இனி அவளுடையது. தோளில் ஏறுவது போய், முதுகில் ஒரு தட்டு, சோபாவில் பக்கத்தில் உட்காருவது என்று மாறும். அவள் நகர்ந்தால் நகரட்டும், முகம் தூக்காதீர்கள். தன் உடம்பைப் பற்றித் தான் சொல்வது செல்லும் என்பதை அவள் முதலில் பழகிப் பார்க்கும் ஆண் நீங்கள்தான்.

வாரத்தில் மூன்று நாள், பதினைந்து இருபது நிமிடம், முடிந்தவரை ஒரே நேரத்தில் அவளோடு இருங்கள். எதிரெதிரே உட்கார்ந்து 'ஸ்கூலில் என்ன நடந்தது?' என்று கேட்டால் 'ஒண்ணுமில்லை'தான் வரும். கைக்கு ஒரு வேலை இருக்கட்டும். நடக்கலாம், பாத்திரம் துலக்கலாம், சைக்கிள் துடைக்கலாம். பக்கவாட்டில் இருக்கும்போது பேச்சு எளிதாக வரும், கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் போன், மார்க், அறிவுரை மூன்றும் கிடையாது. முதல் இரண்டு மூன்று வாரம் அவள் ஒன்றுமே பேசாமல் போகலாம். 'அவளுக்குப் பிடிக்கவில்லை' என்று பல அப்பாக்கள் விட்டுவிடுவது இரண்டாவது வாரத்தில்தான். அவளோ நீங்கள் எத்தனை நாள் வருகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஜெர்மனியில் கிராஸ்மன் தம்பதியின் குழு குழந்தைகளைப் பதினாறு வயது வரை தொடர்ந்து கவனித்து, 2002-ல் முடிவுகளை வெளியிட்டது. தந்தை விளையாடும் விதத்துக்கும், பதினாறு வயதில் அந்தப் பிள்ளைகள் நெருக்கமான உறவுகளைப் பார்க்கும் விதத்துக்கும் தொடர்பு இருந்தது. குழந்தையின் வேகத்துக்கு இறங்கி வந்து, கொஞ்சம் சவால் கொடுத்து, ஆனால் பொம்மையைப் பிடுங்கித் தானே செய்துவிடாமல் விளையாடிய அப்பாக்களின் பிள்ளைகள் அதில் நன்றாக இருந்தார்கள். பன்னிரண்டு வயதுக்கும் இதே விதிதான்.

சைக்கிள் செயின் கழன்றுவிட்டது என்று வையுங்கள். கியர் சைக்கிள் என்றால், பின்சக்கரத்துக்குக் கீழே தொங்கும் கியர் கையை முன்னால் தள்ளினால் செயின் தளரும். பல்சக்கரத்தில் இரண்டு மூன்று பல்லில் மாட்டி, பெடலை மெல்லச் சுற்றினால் ஏறிக்கொள்ளும். உங்களுக்கு அரை நிமிட வேலை. அவளுக்குப் பத்து நிமிடம் பிடிக்கும், கை கறுப்பாகும், இரண்டு முறை நழுவும். அந்தப் பத்து நிமிடமும் உங்கள் கை பின்னால் கட்டியிருக்கட்டும். 'தள்ளு, நான் பண்றேன்' என்ற மூன்று சொல்லை விழுங்குவது கஷ்டம்தான். 'செயின் இப்போ எங்கே இடிக்குது பாரு' என்று கேட்கலாம். சக்கரம் சுற்றும்போது விரல் பல்லுக்கு நடுவே போகாமல் பார்த்துக்கொள்வது மட்டும் உங்கள் பொறுப்பு.

பாராட்டும்போது அவள் செய்ததைச் சொல்லுங்கள். 1998-ல் முல்லரும் ட்வெக்கும் வெளியிட்ட பரிசோதனைகளில், 'நீ புத்திசாலி' என்று பாராட்டப்பட்ட குழந்தைகள் அடுத்து கடினமான புதிர்களில் தோற்றதும் சோர்ந்தார்கள், பிறகு கொடுத்த சுலபமானதையும் முன்னைவிட மோசமாகச் செய்தார்கள். உழைப்பைப் பாராட்டப் பெற்றவர்கள் விடாமல் முயன்றார்கள். பெண் பிள்ளைக்கு 'சமத்து', 'அழகு' என்ற இரண்டும் கூடுதலாகச் சேர்ந்துவிடும். சமத்து என்று பெயர் வாங்கியவளுக்கு 'முடியாது' என்று சொல்வது கஷ்டமாகிவிடும். 'மூன்று தடவை நழுவியும் நீ வேறு மாதிரி மாட்டிப் பார்த்தாயே' என்பது நீளமான பாராட்டு. ஆனால் அதில் அவள் இருக்கிறாள்.

உடம்பைப் பற்றிக் கேலி வேண்டவே வேண்டாம். எடை, நிறம், பரு, முடி எதுவும். டிவியில் வருகிற பெண்ணைப் பற்றிச் சொல்வதும் இதில் சேர்த்தி. நீங்கள் நடிகையைச் சொல்கிறீர்கள், அவள் தன்னைக் கணக்குப் பார்க்கிறாள். மாதவிலக்கு எப்போது, நாப்கின் எங்கே இருக்கிறது என்பது அப்பாவுக்கும் தெரிந்திருக்கட்டும். கடையில் வாங்கச் சொன்னால் மறைத்து வாங்காமல் வாங்கிவாருங்கள்.

வீட்டு வேலைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று தோன்றலாம். கனடாவில் அலிசா கிராஃப்ட் குழுவினர் 7 முதல் 13 வயது வரை உள்ள 326 பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரையும் ஆராய்ந்து 2014-ல் எழுதினார்கள். அப்பா வீட்டு வேலையைப் பங்கிட்டுக்கொண்ட வீடுகளில், மகள்கள் 'பெண்களுக்கான வேலை' என்று முத்திரை குத்தப்பட்டவற்றோடு நிற்காமல் விதவிதமான வேலைகளைக் கனவு கண்டார்கள். அப்பா சமத்துவம் பேசி, வேலையை மட்டும் அம்மாவிடம் விட்டிருந்தால் பேச்சு எடுபடவில்லை.

கடைசியாக, அவளிடம் தோற்கப் பழகுங்கள். அவள் காரணத்தோடு வாதாடும்போது, காரணம் சரியென்றால் 'நீ சொல்றது சரி, மாத்திக்கிறேன்' என்று சொல்லி, அதே நாளில் மாற்றிக் காட்டுங்கள். நீங்கள் கத்திவிட்ட நாளில் தூங்கப் போவதற்கு முன்னால் மூன்று வாக்கியம் போதும்: நான் கத்தினேன். அது தப்பு. அடுத்த முறை எழுந்து போய்விட்டு வந்து பேசுகிறேன். 'ஆனா நீயும்தான்...' என்று நாலாவது வாக்கியம் சேர்ந்தால் முதல் மூன்றும் வீண்.

கேள்வி: மகளுக்கு ஒரு வயதானபோது என் கணவர் இறந்துவிட்டார். இப்போது அவளுக்கு ஆறு. அப்பா இல்லாத குறை அவள் குணத்தில் தெரியுமா? அவரைப் பற்றி அவளிடம் எப்படிப் பேசுவது?
– வாசகி, வயது 35

பதில்: ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பச் சிதைவு என்று பல பாரங்களோடு வளர்ந்த பிள்ளைகளில்கூட மூன்றில் ஒரு பங்கினர் தன்னம்பிக்கையுள்ள, அக்கறையான பெரியவர்களாக ஆனார்கள். அவர்களிடம் காணப்பட்ட பொது அம்சங்களில் ஒன்று, நிலையாகக் கூடவே இருந்த ஒரு பெரியவராவது கிடைத்தது. அது அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. உங்கள் மகளுக்கு நீங்கள் இருக்கிறீர்கள். தாத்தாவோ மாமாவோ சேர்ந்தால் நல்லது. வருடத்துக்கு ஒருவராக மாறுவதைவிட, மாதம் இரண்டு முறை சொன்னபடி வருகிற ஒருவர் மேல்.

'அப்பா தூங்குகிறார்', 'வெளியூர் போயிருக்கிறார்' என்று சொல்லாதீர்கள். ஆறு வயதுக் குழந்தை அதை அப்படியே எடுத்துக்கொண்டு தூங்கப் பயப்படும், அல்லது வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். 'இறந்துவிட்டார், அவர் உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, திரும்பி வர மாட்டார், அதற்கு நீயோ நானோ காரணமில்லை' என்று சொல்லுங்கள். இதே கேள்வி பத்து வயதிலும் பதினாலிலும் மறுபடி வரும். ஒவ்வொரு தடவையும் அது புதுக் கேள்விதான். அவர் கையெழுத்து உள்ள ஒரு தாள், அவர் எதற்குச் சிரிப்பார் என்ற தகவல், அவருடைய ஒன்றிரண்டு குறைகள் எல்லாவற்றையும் சொல்லி வையுங்கள். குறையே இல்லாத அப்பாவோடு எந்த மகளும் சண்டை போட முடியாது. வளரும் வயதில் மனதுக்குள்ளாவது அந்தச் சண்டை தேவைப்படும்.

இதைப் படிக்கிறவர்களில் சிலருடைய நிலைமை வேறாக இருக்கும்: குழந்தையின் அப்பா உயிரோடு இருப்பார், வர மாட்டார். குடும்ப சிகிச்சையாளர் பாலீன் பாஸ் இதைத் 'தெளிவற்ற இழப்பு' என்கிறார். முடிவு தெரியாததால் துக்கமும் முடியாது. அவர் சார்பில் நீங்கள் தேதி சொல்லாதீர்கள். அவரைக் குழந்தை காதுபடத் திட்டவும் வேண்டாம். தன்னில் பாதி அவர் என்று அதற்குத் தெரியும்.

கேள்வி: அப்பாவும் நானும் நண்பர்கள் மாதிரி. படிப்பு, வேலை, திருமணம் எல்லாம் அவர் சொன்னபடி செய்தேன், எல்லாம் நன்றாகவே அமைந்தது. போன வாரம் சோபா உறைக்கு நிறம் தேர்ந்தெடுக்கவும் அவருக்குப் படம் அனுப்பினேன். கணவர் கேலி செய்கிறார். இதில் என்ன தப்பு?
– வாசகி, வயது 33

பதில்: தப்பு ஒன்றுமில்லை, அப்பாவுக்கு நல்ல ரசனை இருந்தால் சோபாவும் நன்றாகத்தான் இருக்கும். கவனிக்க வேண்டியது வேறு. உளவியலாளர் ஜேம்ஸ் மார்ஸியா 1966-ல், 'நான் யார்' என்ற அடையாளத்தை இரண்டு கேள்விகளால் பிரித்தார்: நீயாகத் தேடிப் பார்த்தாயா, ஒன்றில் உறுதியாக நின்றாயா? தேடாமலே உறுதியாக நிற்பதும் அவர் சொன்ன நாலு நிலைகளில் ஒன்று. அதில் பதற்றம் குறைவு என்பதால் சௌகரியமாகத்தான் இருக்கும். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகும்போதோ, அவருக்குத் தெரியாத துறையில் முடிவெடுக்க நேரும்போதோதான் விரிசல் தெரியும்.

ஒரு தாளில், அப்பாவின் கருத்திலிருந்து உங்கள் கருத்து மாறுபடுகிற ஐந்து விஷயங்களை எழுதிப் பாருங்கள். இருபது நிமிடத்தில் இரண்டுகூட வரவில்லை என்றால் ஒரு மாதத்துக்கு ஒரு பயிற்சி. திருத்திக்கொள்ளக் கூடிய சின்ன முடிவுகளில், முதலில் செய்யுங்கள், பிறகு சொல்லுங்கள். 'வாங்கலாமாப்பா?' இல்லாமல் 'வாங்கிட்டேன்ப்பா.' முதல் வாரம் சொல்ல ஒரு நாள் காத்திருங்கள், அடுத்த வாரம் மூன்று நாள். அந்த இடைவெளியில் வருகிற தவிப்புதான் பாடம். அது உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும் என்று இரண்டு மூன்று தடவையில் தெரிந்துவிடும்.

சறுக்குகிற இடம் இரண்டு. ஒன்று, படத்தை அப்பாவுக்குப் பதில் கணவருக்கு அனுப்புவது. கேலி நிற்கும், பழக்கம் நிற்காது. இரண்டு, வேண்டுமென்றே அப்பாவுக்குப் பிடிக்காத நிறத்தை வாங்குவது. அப்போதும் நிறத்தைத் தேர்ந்தெடுத்தது அவர்தான். குடும்ப சிகிச்சையில் முன்னோடியான மர்ரே போவன், பெற்றோரோடு கரைந்து போவதும் அவர்களை அறுத்துக்கொண்டு ஓடுவதும் ஒரே பிரச்சினையின் இரண்டு முகம் என்றார். அப்பாவுக்கும் ஏமாற்றமாக இருக்கும். அபிப்பிராயம் கேட்ட இடத்தில் இனி அவர் கதையைக் கேளுங்கள். அவர் 33 வயதில் யாரிடம் கேட்காமல் எதை முடிவு செய்தார் என்பது நல்ல ஆரம்பம்.

கேள்வி: அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடிப்பார். எட்டு வருடமாக நான் அவரோடு பேசவில்லை. இப்போது அவருக்கு 74 வயது, உடம்பு சரியில்லை. 'மன்னித்துவிடு, போய்ப் பார்' என்கிறார்கள். போகாவிட்டால் பிறகு வருத்தப்படுவேனோ என்றும் பயமாக இருக்கிறது.
– வாசகி, வயது 41

பதில்: மன்னிப்பதும் போய்ப் பார்ப்பதும் இரண்டு வேறு காரியம். மன்னிக்காமலும் பார்க்கலாம், பார்க்காமலும் மன்னிக்கலாம். இரண்டுமே உங்கள் கடமை இல்லை.

'நான் போவது எதற்காக?' என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். 'அவர் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும்' என்பதுதான் அந்த வாக்கியம் என்றால், இப்போதைக்குப் போகாமல் இருப்பதே நல்லது; அது அவர் கையில் இருக்கிறது, கிடைக்காமல் போகவே வாய்ப்பு அதிகம். 'ஒருமுறை பார்த்துவிட வேண்டும்', 'ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்' என்றால் அது உங்களால் முடிகிற காரியம். அவர் இன்னும் குடிக்கிறார், மிரட்டுகிறார் என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

போவதாக முடிவு செய்தால், அரை மணி நேரம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திரும்பும் வண்டி உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். கூட ஒருவர் வரட்டும், உறவுக் கூட்டம் வேண்டாம். பார்வையாளர்கள் இருந்தால் எல்லோரும் நடிக்க வேண்டியிருக்கும். சொல்ல வேண்டியது ஒரு விஷயம் மட்டும். பழசு எல்லாவற்றையும் அவிழ்த்தால் அவர் அதில் விவரம் பிசகிய ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை மறுப்பார். அடிக்கடி நடப்பது இன்னொன்று: அவர் அழுவார், நீங்கள் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள், சொல்ல வந்தது தொண்டையில் நிற்கும். அதற்கு முன்கூட்டியே தயாராகுங்கள். அவர் அழுதால் தண்ணீர் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள், ஓய்ந்ததும் சொல்லுங்கள். வந்த பிறகு இரண்டு நாள் எந்த வாக்குறுதியும் யாருக்கும் தர வேண்டாம்.

போகாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-ல் தொடங்கிய எழுத்துமுறை: தொடர்ந்து நாலு நாள், தினம் பதினைந்து நிமிடம், நடந்ததையும் அதைப் பற்றி உணர்வதையும் நிறுத்தாமல் எழுதுவது. எழுத்துப் பிழை பார்க்க வேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். எழுதி முடித்ததும் மனம் கனப்பது சகஜம். தூக்கம் கெட்டு, பழைய காட்சிகள் கண்முன் வந்து நிற்கத் தொடங்கினால் நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். அடிதடி வீட்டில் வளர்ந்தவர்கள் இதைத் தனியாகவே முடித்துக்கொள்ள வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். 'நான் அவரைப் போல ஆகவே மாட்டேன்' என்று வாழ்கிறவர்கள், நியாயமான இடத்தில்கூடக் குரலை உயர்த்தாமல் விட்டுவிடுவார்கள். உங்களுக்கு அப்படி விட்டுப் போனது எது என்று தெரிந்தால், அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கோபத்தில் என் குழந்தையிடம் என் அப்பா சொன்ன அதே வார்த்தை என் வாயிலிருந்து வருகிறது. சொன்ன பிறகுதான் தெரிகிறது. எப்படி நிறுத்துவது?
– வாசகி, வயது 36

பதில்: ஒரு வாரம் நேரத்தை மட்டும் குறித்து வையுங்கள். பெரும்பாலும் பசி, அவசரம், தூக்கக் குறைவு மூன்றில் இரண்டு சேர்ந்த வேளையாகத்தான் இருக்கும். காலையில் கிளம்பும் நேரம் என்று தெரிந்தால், பாதிச் சண்டையை முந்தின ராத்திரியே பையைக் கட்டி வைத்துத் தவிர்த்துவிடலாம். மீதிப் பாதிக்கு, அந்த வார்த்தையைத் தாளில் எழுதி, பக்கத்திலேயே மாற்று வாக்கியத்தையும் எழுதுங்கள். கோபம் வரும்போது குழந்தையின் உயரத்துக்கு உட்கார்ந்துவிடுங்கள், உட்கார்ந்தபடி கத்துவது கடினம். வார்த்தை பாதியில் வந்துவிட்டால் அங்கேயே நிறுத்தி, 'இதை நான் வேறு மாதிரி சொல்றேன்' என்று மறுபடி தொடங்கலாம், குழந்தைகள் அதை எளிதாக ஏற்றுக்கொள்ளும். மாற்று வாக்கியம் ஐந்து சொல்லுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோபத்தில் நீளமானது நினைவுக்கு வராது.